செத்தவர் பேரில் வந்த நிவாரணம்

மேட்டுத்தாங்கல்
14-6-2020

தம்பி தசரதனுக்கு அக்கா பாப்பம்மா எழுதுறது. நான் நல்லாத்தான் கீறேன். மாடு ரெண்டும் நல்லா கீது. நீ எப்படி கீறே? அந்தக் குஜராத்து ஊர்ல ஜுரம், இருமல் எதுனா வந்தா எங்கிட்ட மறைக்காதே.

போன்ல பேசலாமேன்னு கேப்பே. எனக்கு வலது காது சுத்தமா போச்சு. இடது காதும் பாதிதான். ஒரகடத்துல தகடு அடிக்கற பிரஸ் ஷாப்புல நாலு வருஷம் காண்ட்ராக்ட்ல நின்னதுக்குக் கம்பெனிக்காரன் குடுத்தனுப்பின போனஸ் இது. போன்ல நீ "சரிக்கா"ன்னு சொல்றே, நானும் "சரிப்பா"ன்னு சொல்றேன், வெச்சப்புறம் யார் இன்னா சொன்னாங்கன்னு ரெண்டு பேருக்கும் தெரியறதில்ல. கடுதாசின்னா எழுதினது எழுதினபடி நிக்கும்.

இந்த வருஷம் மல்லி பூத்த மாதிரி என்னிக்கும் பூத்ததில்ல. ஆனா கோயம்பேட்ட மூடிட்டாங்க. வல்லக்கோட்டை முருகன் கோயிலயும் மூடிட்டாங்க. கல்யாணத்துக்கு இருவது பேரு, அதுல பூ வெக்கறவ எத்தினி பேரு? பறிக்காம வுட்டா செடி கெட்டுடும். அதனால தெனம் விடியகாலையில பறிச்சு எருக்குழியில கொட்டினேன். ரெண்டு மாசம். எங்க எருக்குழி மாதிரி வாசமான எருக்குழி இந்த ஜில்லாவுலயே இருக்காது.

இப்ப ஒரு நல்ல சேதி. பூவும் காய்கறியும் வெச்சு நஷ்டப்பட்டவங்களுக்கு சர்க்காரு கொரோனா நிவாரணம் தருதாம். குடும்பத்துக்கு எட்டாயிரம். பட்டா இன்னும் அப்பா பேர்லதான கீது? அப்பா செத்துப் பதினோரு வருஷம் ஆவுது, மாத்தணும் மாத்தணும்னு ரெண்டு பேருமே வுட்டுட்டோம். அதனால அப்பாவோட இறப்பு சர்டிபிகேட் வேணும்னாங்க. அது உங்கிட்டதான் கீது. ஜெராக்ஸ் எடுத்து உடனே அனுப்பு.

குன்றத்தூர்ல உன் பொண்டாட்டி சசியும் பொண்ணு கவியாவும் எப்படி கீறாங்க? பஸ் வுட்டதும் போய்ப் பாத்துட்டு வரேன்.

அக்கா
பாப்பம்மாள்


சானந்த், குஜராத்
12-7-2020

அன்புள்ள அக்காவுக்கு தசரதன் எழுதிக்கொள்வது. நான் சுகம். நீயும் அப்படியே இருக்கணும்னு வேண்டிக்கிறேன்.

இங்க லைன் ஒரு ஷிப்டுதான் ஓடுது. ஒரகடத்துல இருந்து எங்க பதினாலு பேரைப் புது பிளாண்டுக்குன்னு கூட்டிட்டு வந்தாங்களே, அதுல ஆறு பேர் ஊருக்குத் திரும்பிட்டாங்க. நான் போகலை. வர்ற மார்ச்சுல சூப்பர்வைசர் போஸ்ட் பர்மனென்ட் பண்றேன்னு சொல்லியிருக்காங்க. மூணு மாசமா பாதிச் சம்பளம். ரூமுக்கு எட்டு பேர். சப்பாத்தி சாப்பிட்டு வயிறு மரத்துப்போச்சு. உன் கையால ஒரு கருவாட்டுக் குழம்பு சாப்பிடணும் போல இருக்கு.

பூவைக் கொட்டினேன்னு படிச்சப்ப கஷ்டமா இருந்தது. உடம்பைப் பாத்துக்கோ. வெளியில அதிகமா போகாதே, கூட்டத்துல நிக்காதே.

நிவாரணம் எல்லாம் நம்மள மாதிரி ஆளுங்களுக்கு வராது அக்கா. ஆபீஸ் ஆபீஸா அலைஞ்சு நோயை வாங்கிட்டு வராதே. சர்டிபிகேட் எங்க வெச்சேன்னு ஞாபகம் இல்லை. தேடறேன்.

இப்படிக்கு
உன் தம்பி தசரதன்


மேட்டுத்தாங்கல்
9-8-2020

தம்பிக்கு அக்கா எழுதுறது. உடம்புக்கு ஒண்ணும் இல்ல. மனசுதான் எரியுது.

நீ சர்டிபிகேட் அனுப்பல. சரி, பஞ்சாயத்து ஆபீஸ் புக்குல பாத்து நானே நகல் வாங்கிக்கினேன். நிவாரண ஆபீசுக்கு நடந்தே போனேன். எல்லாரும் வாய மூடி மாஸ்க் போட்டுக்கினு கீறாங்க. எனக்கு வாய் அசையறதப் பாத்தாதான் பாதியாவது புரியும். அந்த ஆபீசர் பேசறாரு, கண்ணு மட்டும் உருளுது. "சார், எனக்குக் காது கேக்காது, எழுதிக் குடுங்க"ன்னேன். அவருக்குக் கோவம். வரிசையில நின்னவங்க சிரிச்சாங்க. கடைசியில என் விண்ணப்பத்தப் புடுங்கி அது பின்னாடியே எழுதிக் குடுத்தாரு. அவர் எழுதினத அப்படியே எழுதறேன்:

"இந்த சர்வே எண்ணுக்கு நிவாரணம் ஏற்கெனவே வழங்கப்பட்டது. பெற்றவர் எல்லப்பன்."

எல்லப்பன் யாரு? நம்ம அப்பா. பதினோரு வருஷத்துக்கு முன்னாடி ஏரிக்கரையில கொள்ளி வெச்சது நீ. அவர் எழுந்து வந்து, மாஸ்க் போட்டுக்கினு, வரிசையில நின்னு, எட்டாயிரம் வாங்கிக்கினு போய்ட்டாராம்.

"சார், எங்கப்பா செத்துப் போய்ட்டாரு, இதோ சர்டிபிகேட்"னு காட்டினேன். அவர் அதப் படிக்கக் கூட இல்ல. அடுத்த ஆளக் கூப்புட்டுட்டாரு.

வெளியில சுவத்துல லிஸ்ட் ஒட்டி இருந்தாங்க. நின்னு முழுசாப் படிச்சேன். நம்மூர்ல மட்டும் அறுவத்தியொரு பேரு. அதுல பூச்செடியக் கண்ணால பாத்தவங்க இருவது பேரு இருந்தா அதிகம். கண்டெய்னர் லாரி நிறுத்தறதுக்கு மண்ணு கொட்டி மேடாக்கி வெச்சிருக்கானே, அந்த எடத்துக்கு நிவாரணம். பிளாட் போட்டுக் கல்லு நட்ட எடத்துக்கு நிவாரணம். செத்தவங்க மட்டும் ஒம்பது பேரு. கீரைக்கார முனியம்மா புருஷன் கூட அதுல கீறாரு, அவர் போய் ஆறு வருஷம் ஆச்சு. உயிரோட கீற முனியம்மா பேரும் இல்ல, என் பேரும் இல்ல. வெயில்ல குனிஞ்சு நிக்கறவளுக்கு ஒண்ணும் கெடையாது, செத்து மண்ணாப் போனவருக்குப் பணம்.

பிள்ளைப்பாக்கம் ரோட்டுல கம்ப்யூட்டர் கடை வெச்சிருக்கானே ஸ்ரீதரு, அவன்தான் எல்லாருக்கும் ஆன்லைன்ல பதிஞ்சு குடுத்தான்னு பேசிக்கிறாங்க. அவன் அப்பா பேர்ல பதிஞ்சிருந்தாலும், பணம் போய் விழறதுக்கு ஒரு கணக்கு வேணுமே? அது யார் கணக்கு?

உனக்கு எதுனா தெரியுமா? யோசிச்சு எழுது.

அக்கா


சானந்த்
27-9-2020

அன்புள்ள அக்காவுக்கு,

பதில் எழுதத் தாமதம் ஆயிடுச்சு, மன்னிச்சுக்கோ. ரூம்ல ரெண்டு பேருக்கு பாசிட்டிவ் வந்து எங்க எல்லாரையும் பதினாலு நாள் பூட்டி வெச்சாங்க. எனக்கு ஒண்ணும் இல்லை. உன் காதுக்கு ஒரு நல்ல டாக்டரைப் பாக்கணும். நான் வந்ததும் முதல் வேலை அதுதான். மிஷின் வெச்சா கேக்கும்னு இங்க ஒருத்தர் சொன்னார்.

இங்க மழை அதிகம். ரோடெல்லாம் தண்ணி. நம்ம பக்கம் எப்படி? ஏரியில தண்ணி வந்துச்சா? மாடு சினையா இருக்குன்னு போன தடவை சசி சொன்னா. கன்னு போட்டுச்சா?

அந்த நிவாரண விஷயத்தை விட்டுடு அக்கா. அதெல்லாம் பெரிய இடத்து வேலை. ஆபீசருக்கும் அதுல பங்கு இருக்கும். நீ ஒத்தையா இருக்கிற பொம்பளை. மனு கினு எதுவும் போட்டுடாதே. அந்த எட்டாயிரம் நமக்கு வரலைன்னா நாம செத்தா போயிடுவோம்?

அந்த லிஸ்ட்ல பேர் மட்டும்தானே போட்டிருக்காங்க? பேங்க் பேர், கணக்கு நம்பர் எல்லாம் போடலையே?

கவியாவுக்கு ஆன்லைன் கிளாஸ் நடக்குது. நல்லா படிக்கிறா. உன்னை ரொம்பக் கேட்டா.

தசரதன்


மேட்டுத்தாங்கல்
11-10-2020

தசரதனுக்கு,

மாடு கன்னு போட்டுச்சு. கெடேரி. ஏரியில தண்ணி கீது. என் காது அப்படியேதான் கீது.

நாலு விஷயம் கேட்டு எழுதி இருக்கே. நான் கேட்ட ஒரு விஷயத்துக்குப் பதில் இல்ல. செத்த அப்பா பேர்ல எவனோ பணம் வாங்கிட்டான்னு சொன்னா மகனுக்கு முதல்ல கோவம்தான வரணும்? யாரு அவன்னு கேக்கணும். நீ கேக்கவே இல்ல. கணக்கு நம்பர் போட்டிருக்காங்களான்னு கேக்கறே.

மனு போடாதேன்னு நீ எழுதினது வந்து சேர்றதுக்கு முன்னாடியே நான் போட்டுட்டேன். யார் கணக்குல பணம் வுழுந்துச்சுன்னு விசாரிக்கணும்னு எழுதி, அந்த ஆபீசர் எழுதிக் குடுத்த காயிதத்தயும் ஜெராக்ஸ் எடுத்து வெச்சு, கலெக்டருக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பிட்டேன். ஸ்ரீதரு கடையப் பூட்டிட்டு எங்கயோ போய்ட்டான்.

எனக்கு நேரா பதில் எழுது.

பாப்பம்மாள்


மேட்டுத்தாங்கல்
6-12-2020

சசிகலாவுக்கு அண்ணி எழுதுறது. நீயும் கொழந்தையும் சௌக்கியமா? புயல் மழையில உங்க வூட்டுக்குள்ள தண்ணி வந்துதுன்னு கேள்விப்பட்டேன். ஒண்ணும் சேதம் இல்லியே?

உன் புருஷன் ரெண்டு மாசமா எனக்குப் பதில் எழுதல. அக்டோபர்ல இருந்து நான் எழுதின மூணு கடுதாசியும் போய்ச் சேந்ததா இல்லியான்னு தெரியல. அவன் நல்லா கீறான்னா அத மட்டும் ஒரு வரி எழுது. மத்தது உனக்குத் தெரிஞ்சிருந்தா அதயும் எழுது. தெரியலன்னா வேணாம்.

அண்ணி
பாப்பம்மாள்


குன்றத்தூர்
20-12-2020

அண்ணிக்கு சசிகலா வணக்கம் சொல்லி எழுதறேன். அவர் நல்லா இருக்கார். நாங்களும் இருக்கோம். தண்ணி முட்டி வரைக்கும் வந்துச்சு, பீரோ அடிப்பலகை ஊறிப்போச்சு, அவ்வளவுதான்.

உங்க கடுதாசி எல்லாம் அவருக்குக் கிடைச்சது. எழுத மனசு வரலை, அதனால எழுதலை. மூடி மறைச்சு எனக்கும் பழக்கம் இல்லை, சொல்லிடறேன். பணம் வந்தது எங்களுக்குத்தான்.

மாமாவும் அவரும் சேர்ந்து கூட்டுறவு பேங்க்ல ஒரு கணக்கு வெச்சிருந்தாங்க. மாமா போனப்புறமும் அதை மூடலை. மே மாசம் ஸ்ரீதர் இவருக்கு போன் பண்ணி, "பட்டா உங்கப்பா பேர்ல இருக்கு, கணக்கும் இருக்கு, சும்மா கிடக்கற நம்பர், நான் பதிஞ்சு விடறேன், பாதி எனக்கு, பாதி உனக்கு"ன்னு சொன்னான். இவருக்குச் சம்பளம் பாதி. எனக்கு ஏற்றுமதி கம்பெனியில தையல் வேலை போச்சு. ரெண்டு மாச வாடகை பாக்கி. கவியாவுக்கு கிளாஸ்ல உக்கார ஒரு போன் இல்லை. நாலாயிரம் வந்துச்சு. அரிசி வாங்கினோம், பழைய போன் ஒண்ணு வாங்கினோம். உங்களுக்கும் அந்த நிவாரணம் தனியா வரும்னுதான் நினைச்சோம். நிலத்துக்கு ஒரு ஆளுக்குத்தான்னு எங்களுக்குத் தெரியாது. சத்தியமா தெரியாது.

ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. அந்த எண்பது சென்ட்டுல அவருக்கும் பாதி இருக்கு. பதினோரு வருஷத்துல ஒரு மூட்டை நெல்லு, ஒரு முழம் பூ, இது உன் பங்குன்னு எங்க வாசலுக்கு வந்ததில்லை. நாங்களும் கேட்டதில்லை. அவர் செஞ்சது தப்புதான். ஆனா திருடன்னு மட்டும் சொல்லிடாதீங்க அண்ணி. அந்த வார்த்தையை அவரால தாங்க முடியாது.

சசிகலா


மேட்டுத்தாங்கல்
17-1-2021

தசரதா,

நீ நல்லா கீறேன்னு சசி எழுதிட்டா. பொங்கலுக்கு உனக்கும் சேத்துதான் படையல் போட்டேன். கோவத்துல கூட அத வுடல.

சசி கேட்டது நியாயம்தான். உன் பங்குன்னு நான் எதயும் அனுப்பல. தண்ணி எறைக்கறது, உரம், ஆள் கூலி போக எனக்கே மிஞ்சலன்னு நெனச்சேன். உங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லி இருக்கணும். அது என் தப்பு. நீ எனக்கு "அக்கா, வூட்டுல அரிசி இல்ல"ன்னு ஒரு வரி எழுதி இருந்தா, கன்னுக்குட்டிய வித்தாவது அனுப்பி இருப்பேன். நீ ஸ்ரீதரு கிட்ட போனே.

சரி, இத வுடு. இப்ப நடந்ததக் கேளு.

என் மனுவுக்கு பதில் வந்துச்சு. ரொம்ப ஒழுங்கா விசாரிச்சாங்களாம். அப்பா செத்தது உறுதியாச்சாம். அதனால தகுதி இல்லாம வாங்கின தொகைய வசூல் பண்ணணுமாம். யார்கிட்ட? "காலஞ்சென்ற எல்லப்பனின் வாரிசும், நில அனுபவதாரருமான பாப்பம்மாள், எட்டாயிரம் ரூபாயைப் பதினைந்து நாட்களுக்குள் திருப்பிச் செலுத்த வேண்டும். தவறினால் சட்டப்படி நடவடிக்கை." கையெழுத்து, முத்திரை எல்லாம் பளிச்சுன்னு கீது.

நிவாரணம் குடுக்கும்போது நான் இந்த நெலத்துல பயிர் வெக்கறவளா அவங்க கண்ணுக்குத் தெரியல. வசூல் பண்ணும்போது மட்டும் தெரியறேன். திருட்டு நடந்துச்சுன்னு சொன்னவ வூட்டுக்கே வந்து திருடினதக் குடுன்னு கேக்கறாங்க.

நோட்டீச எடுத்துக்கினு அந்த ஆபீசரு கிட்ட ஓடினேன். "பணம் எந்தக் கணக்குக்குப் போச்சுன்னு பாருங்க சார்"ன்னேன். மாஸ்க்க கீழ எறக்கி, என் மூஞ்சிக்கு நேரா, நல்லா வாயத் தொறந்து சொன்னாரு: "அதெல்லாம் உங்க குடும்ப விஷயம்மா. நீங்களே பேசித் தீத்துக்கினு கட்டிடுங்க." இந்த ஒரு தடவ மட்டும் எனக்கு எல்லாமே புரிஞ்சுது.

உன் பேர நான் சொல்லல. அங்க நின்னுக்கினு இருக்கும்போது வாய் வரைக்கும் வந்துச்சு. சொல்லல.

பாப்பம்மாள்


சானந்த்
2-2-2021

அக்கா,

எப்படி ஆரம்பிக்கறதுன்னு தெரியலை. நல்லா இருக்கியான்னு கேக்கக் கூட எனக்குத் தகுதி இல்லை.

செஞ்சது நான்தான். சசி மேல கோவப்படாதே, அவளுக்குப் பணம் வந்தப்புறம்தான் தெரியும். ஸ்ரீதர் கேட்டப்ப என் ஆதார் நம்பரைச் சொன்னேன், போனுக்கு வந்த நம்பரைச் சொன்னேன். மூணு நிமிஷம்கூட ஆகலை. அப்பா பேரைச் சொல்லும்போது ஒரு மாதிரி இருந்துச்சு. போனை வெச்சப்புறம் ஷிப்டுக்குப் போயிட்டேன். நீ முதல் கடுதாசியில சர்டிபிகேட் கேட்டப்பவே எடுத்துப் பாத்தேன். அது என் பெட்டியிலதான் இருந்துச்சு. தேடறேன்னு பொய் எழுதினேன்.

எட்டாயிரத்தை ரெண்டு மணியார்டரா அனுப்பியிருக்கேன். ரூம்ல கடன் வாங்கி அனுப்பினேன். தயவுசெஞ்சு வாங்கி ஆபீஸ்ல கட்டிடு. ரசீதை வாங்கிட்டா எல்லாம் முடிஞ்சுடும். மார்ச்சுல பர்மனென்ட் லெட்டர் வருது. இந்த நேரத்துல கேஸ்னு ஏதாவது வந்தா ஒரே நாள்ல வெளியில அனுப்பிடுவாங்க. கவியா பத்தாவது போறா. இந்த ஒரு தடவை காப்பாத்து அக்கா. வாழ்நாள் பூரா உன் காலடியில கிடக்கறேன்.

தசரதன்


மேட்டுத்தாங்கல்
21-2-2021

தசரதனுக்கு அக்கா எழுதுறது. மணியார்டர் வந்துச்சு. வாங்கல. போஸ்ட்மேன் திருப்பி எடுத்துக்கினு போய்ட்டாரு. உனக்கு வந்து சேரும்.

ஏன்னு கேளு. போன வாரம் ரேஷன் கடைக்கு சர்க்கரை வாங்கப் போனேன். கடைச் சுவத்துல ஒரு காயிதம். மேல கொட்டை எழுத்துல "முறைகேடாக நிவாரணம் பெற்றுத் திருப்பிச் செலுத்தாதோர்". கீழ பன்னெண்டு பேரு. நாலாவது பேரு பாப்பம்மாள், தகப்பனார் பெயர், கதவு எண் எல்லாம் போட்டு. வரிசையில நின்னவங்க என்னயும் பாக்கறாங்க, சுவத்தயும் பாக்கறாங்க. எனக்குத்தான் காது கேக்காதே, அவங்க இன்னா பேசறாங்கன்னு தெரியல. தெரியாம இருக்கறது இன்னும் கொடுமை. சர்க்கரை வாங்காம வந்துட்டேன்.

முனியம்மாவுக்கும் அவ புருஷன் பேர்ல நோட்டீசு வந்துச்சு. அவ ஒரு ரூபா கூடக் கண்ணால பாக்கல. பயந்துக்கினு காதுல இருந்த கம்மல வித்துக் கட்டிட்டா. ரசீதும் குடுத்தாங்க. அதுல இன்னா எழுதி இருந்துச்சு தெரியுமா? "தவறாகப் பெற்ற தொகையைத் திருப்பிச் செலுத்தினார்." அவ வாங்கினதே இல்ல! இனிமே எந்த ஆபீசுல போய்க் கேட்டாலும் அந்த ரசீதுதான் பேசும்.

நான் கட்டினா நானும் அப்படித்தான். ரசீது கைக்கு வந்த அன்னிக்கு திருடி நான். நீ இல்ல, ஸ்ரீதரு இல்ல, கையெழுத்துப் போட்ட ஆபீசரு இல்ல, நான். நாலு வருஷம் மிஷின் முன்னாடி நின்னு காதக் குடுத்தேன். ரெண்டு மாசம் பூவ எருக்குழியில கொட்டினேன். இதுக்கு மேல என் பேரயும் குடுக்கணுமா?

உன் வேலை போவக் கூடாதுன்னுதான் நானும் நெனைக்கறேன். கவியா படிப்ப நெனச்சா எனக்கும் தூக்கம் வரல. ஆனா கட்ட மாட்டேன். ஜப்தி பண்ண வந்தா வரட்டும், மாட்ட ஓட்டிக்கினு போவட்டும். உன் பேரயும் நான் சொல்ல மாட்டேன். அதச் சொல்ல வேண்டியவன் நீ.

திருடன்னு சொல்லிடாதீங்கன்னு சசி கேட்டிருந்தா. சொல்லல. ஆனா சுவத்துல என்னயே அப்படிச் சொல்லிட்டாங்க.

அக்கா


சானந்த்
22-3-2021

அக்காவுக்கு,

கீழே இருக்கறது நான் இன்னிக்கு ரிஜிஸ்டர் தபால்ல அனுப்பின மனுவோட நகல். கலெக்டருக்கு ஒண்ணு, நிவாரண ஆபீசுக்கு ஒண்ணு.

"ஐயா, மேட்டுத்தாங்கல் கிராமம் காலஞ்சென்ற எல்லப்பன் மகன் தசரதன் ஆகிய நான் எழுதிக் கொடுக்கும் வாக்குமூலம். என் தந்தை பெயரில் வழங்கப்பட்ட கொரோனா நிவாரணத் தொகை, என் தந்தையும் நானும் கூட்டாக வைத்திருந்த வங்கிக் கணக்கில் வரவு வைக்கப்பட்டது. அவர் இறந்ததை மறைத்து, கம்ப்யூட்டர் கடை நடத்தும் ஸ்ரீதர் என்பவர் மூலம் பதிவு செய்தவன் நான். தொகையில் பாதியை அவர் எடுத்துக்கொண்டார், பாதியை நான் எடுத்துக்கொண்டேன். வங்கிப் புத்தகத்தின் நகலை இணைத்துள்ளேன். என் அக்கா பாப்பம்மாளுக்கு இதில் எந்தப் பங்கும் இல்லை. அவர் ஒரு ரூபாயும் பெறவில்லை. பதிவு செய்தபோது அவருக்கு எதுவும் தெரியாது. அந்த நிலத்தில் பயிர் செய்தவரும் நஷ்டப்பட்டவரும் அவர் ஒருவரே. முழுத் தொகையையும் என் பெயரில் செலுத்தத் தயாராக இருக்கிறேன். இதற்கான தண்டனை எதுவானாலும் எனக்கே உரியது."

அனுப்பறதுக்கு முன்னாடி எச்.ஆர்.கிட்ட நானே போய்ச் சொன்னேன். வேற யார் மூலமாவோ தெரியறதுக்கு இது மேல்னு தோணுச்சு. அந்த அம்மா, "கேஸ் முடியட்டும், அப்புறம் பாக்கலாம்"னு சொல்லி பர்மனென்ட் லெட்டரை நிறுத்திட்டாங்க. திரும்ப லைன்ல நிக்கறேன். வேலை இன்னும் இருக்கு. எத்தனை நாளைக்குன்னு தெரியாது.

சசிகிட்ட சொன்னேன். அழுதா. அப்புறம், "இதை அக்டோபர்லயே எழுதியிருக்கலாம்"னு சொன்னா.

இந்த நகல்ல ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போட்டிருக்கேன். நீ யார்கிட்ட வேணும்னாலும் காட்டு. எங்க வேணும்னாலும் ஒட்டு.

தசரதன்


மேட்டுத்தாங்கல்
18-4-2021

தம்பி தசரதனுக்கு அக்கா எழுதுறது. நான் சௌக்கியம். உங்க ஊர்ல மறுபடியும் நோய் ஏறுதுன்னு பேப்பர்ல படிச்சேன். மூக்குக்கு மேல மாஸ்க் போடு. கஷாயம் குடி. எட்டு பேர் படுக்கற ரூம்ல ஜன்னலத் தொறந்து வை.

உன் மனு நகல எடுத்துக்கினு ஆபீசுக்குப் போனேன். எலெக்‌ஷன் வேலைன்னு சொல்லி மூணு தடவ திருப்பி அனுப்பினாங்க. நாலாவது தடவ அந்த ஆபீசரு படிச்சாரு. வசூல் லிஸ்ட்ல இருந்து என் பேர எடுத்துட்டேன்னு எழுதிக் குடுத்தாரு. சரி, எனக்கு வர வேண்டிய நிவாரணம்னு கேட்டேன். "விண்ணப்பிக்கும் காலம் முடிந்துவிட்டது"ன்னு எழுதினாரு. ஸ்ரீதரு பத்திக் கேட்டேன். "விசாரணையில் உள்ளது"ன்னு எழுதினாரு. அவன் போன மாசமே திரும்பி வந்து, பழைய கடைக்கு எதிர்லயே வேற பேர்ல கடை தொறந்துட்டான். இப்ப அங்க கூட்டம்.

அப்புறம் நான் ஒண்ணே ஒண்ணு கேட்டேன். "ரேஷன் கடை சுவத்துல என் பேர ஒட்டினீங்களே. நான் வாங்கலன்னு அதே அளவு காயிதத்துல, அதே எடத்துல ஒட்டுங்க." அவரு பேனாவ மூடி பாக்கெட்டுல வெச்சுக்கினாரு. அப்படி ஒட்டறதுக்கு ஆர்டர் கிடையாதாம். ஒட்டறதுக்கு ஆர்டர் உண்டு, ஒட்டினது பொய்னு சொல்றதுக்கு ஆர்டர் இல்ல.

வூட்டுக்கு வந்து ரெண்டு நாள் உன் காயிதத்த கையில வெச்சுக்கினே இருந்தேன். என் பேரத் தொடைக்கணும்னா உன் பேர எழுதணும். அப்பாவோட புள்ள பேரு. நீ ஒட்டுன்னு சொல்லிட்டே, ஆனா சொல்றது வேற, ஊரே நின்னு படிக்கறது வேற. மூணாம் நாள் மைதா காய்ச்சி எடுத்துக்கினு போய் ஒட்டினேன். ரெண்டு பக்கமும். என் பேரு இருந்த காயிதத்துக்குப் பக்கத்துலயே.

சாயங்காலம் முனியம்மா வந்தா. அவளுக்குப் படிக்கத் தெரியாது, யாரோ படிச்சுக் காட்டி இருக்காங்க. "உன் தம்பிக்கு இருக்கற மனசு என் புருஷன் பேர்ல தின்னவனுக்கு இல்லியே"ன்னு அழுதா. நான் வாயப் பாத்துத்தான் புரிஞ்சுக்கினேன். மறுநாள் அவளும், நோட்டீசு வந்த இன்னும் பத்து பேரும் என் வாசல்ல. எல்லாருக்கும் நானே மனு எழுதினேன். "நாங்கள் வாங்கவில்லை. யார் கணக்கில் போட்டீர்கள், காட்டுங்கள்." வேன் புடிச்சு கலெக்டர் ஆபீசுக்குப் போனோம். எலெக்‌ஷன் ரூல் இன்னும் கீதாம், ஆபீசரப் பாக்க முடியாது, மனுவப் பெட்டியில போட்டுட்டுப் போங்கன்னாங்க. போட்டோம். போட்டுட்டுப் போவல. பெட்டிக்குப் பக்கத்துல தரையிலயே உக்காந்தோம். ஒரு மணிக்கு மேல ஒரு அம்மா எறங்கி வந்து பெட்டியத் தொறந்து, பதினோரு மனுவுக்கும் நம்பர் போட்டு ரசீது குடுத்தாங்க. அதுல யாரும் எதயும் தவறா வாங்கினதா எழுதல. நான் ஒவ்வொண்ணயும் படிச்சுப் பாத்துட்டுத்தான் எல்லாரயும் வேன்ல ஏறச் சொன்னேன். பணம் வருமான்னு தெரியல. கேஸு எங்க போவும்னு தெரியல. மறுபடியும் எல்லாத்தயும் மூடப் போறாங்கன்னு பேசிக்கிறாங்க.

பட்டாவ உன் பேர்லயும் என் பேர்லயும் மாத்த எழுதிப் போட்டுட்டேன். உன் பங்கு இனிமே வருஷா வருஷம் குன்றத்தூருக்குப் போவும். கம்மியோ அதிகமோ, போவும்னு சசிக்கும் எழுதிட்டேன். கையெழுத்துக்கு நீ நேர்ல வரணும். லீவு குடுத்தா வா. குடுக்கலன்னாலும், வேலையே போச்சுன்னாலும் வா. வூடு கீது, சோறு கீது.

நீ வரும்போது ரேஷன் கடை வழியா வராதே, ஏரிக்கரை மேலயே வந்துடுன்னு எழுத வந்தேன். காயிதம் இன்னும் சுவத்துல கீது, மழை வந்தாதான் போவும். அப்புறம் யோசிச்சுப் பாத்தேன். வேணாம். பஸ்ஸ விட்டு எறங்கி அங்கியே நில்லு. நான் வரேன். ரெண்டு பேரும் அந்த வழியாவே நடந்து வரலாம்.

அக்கா
பாப்பம்மாள்